செத்தல் மிளகாயும் ஒழுங்கைக் கிணறும்

எங்கள் முற்றத்தில் ஏழு பனையோலைப் பாய்களில் செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடைக்கு லொறியில் வேறு யாரோ விளைவித்த செத்தல் மிளகாய் வந்து இறங்கியது. அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வயது போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு வயதுதான் போயிருக்கிறது.

லொறி யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் எங்கள் வேலணைத் தீவுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு மூட்டைகள். சாக்கில் ஆங்கிலத்திலும் எனக்கு வாசிக்கத் தெரியாத இந்தியிலும் ஏதோ அச்சடித்திருந்தது. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தேன். நீளமான மிளகாய், மெல்லிய தோல், நல்ல சிவப்பு. நிறத்தைக் குறை சொல்ல முடியாது. கூடவே ஒரு துண்டுக் கடுதாசியும் வந்திருந்தது, இந்த விலைக்கு விற்கவும் என்று. அதைப் பார்த்து விலைப் பலகையில் வெண்கட்டியால் எழுதியது நான்தான். எங்கள் தோட்டத்துப் பம்புக்கு ஊற்றின மண்ணெண்ணெய்ச் செலவுக்கும் எருவுக்கும் அந்த விலை கட்டாது. அதை என் கையாலேயே எழுதி, கடைவாசலில் என் கையாலேயே மாட்டினேன்.

முதலில் வந்தவர் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, கோவிக்காதையும். உது மலிவாய்க் கிடக்கு. ரெண்டு இறாத்தல் போடும்” என்றார்.

நான் ஏன் கோபிக்கப் போகிறேன். நிறுத்துச் சுற்றிக் கொடுத்தேன். அவர் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. மிளகாயை விளைவித்த அந்த ஊர்க் கமக்காரன் மேலும் வந்ததில்லை. அவனும் ஏதோ ஒரு வெயிலில் குனிந்து நின்றுதான் அதை ஆய்ந்திருப்பான். கோபம் வேறு ஆட்கள் மேல்.

என் கணவருக்குத் தோட்டம்தான் தொழில். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை நான், அதனால் இங்கேயும் ‘இவர்’ என்றே எழுதுகிறேன். நான் கடையில் நின்று கொண்டுவரும் சம்பளம் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் போய்விடும். மிச்சமெல்லாம் மிளகாய். அதற்கு முந்தின ஆறேழு வருடங்கள், வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மாவில் சுட்ட பாணுக்கு விடியற்காலையே வரிசையில் நின்றவர்கள் என் கடைவாசலில்தான் நின்றார்கள், அவர்களுடைய ஏச்சை நான்தான் வாங்கினேன். சீத்தைத் துணி வந்தால் கூப்பன் புத்தகத்தைப் பார்த்துக் கிழித்துக் கொடுத்ததும் நான்தான். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கினதும் அதே அரசாங்கம்தான். ஆனால் செத்தல் மிளகாய்க்கு விலை இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த விலையில்தான் ஓலைக் கூரைக்கு ஓடு போட்டோம், கிணற்றடிக்கு ஒரு வாட்டர் பம்ப் வந்தது, படித்துவிட்டுச் சும்மா நின்ற பெடியள் மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. சாத்திய கதவைத் திறந்துவிட்டோம் என்று புதியவர்கள் சொன்னார்கள். சனம் சந்தோஷப்பட்டது. பொய் சொல்லக்கூடாது, நானும்தான். பாண் வரிசை போய்விட்டது. நல்ல சவர்க்காரம் வந்தது. திறந்த கதவால் என்னென்ன வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த மூட்டைகள் வந்த வழியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும். எங்கள் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கிடப்பது ஒரு சின்னக் கடல். வானொலியைத் திருகினால் கொழும்பை விடத் திருச்சி தெளிவாகக் கேட்கும். கலியாணக் கூறை அங்கேயிருந்துதான் வர வேண்டும், கொஞ்சம் வசதி வந்தால் சிதம்பரத்துக்குப் போய்வர வேண்டும். பாட்டு அவர்களுடையது, படம் அவர்களுடையது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நாட்டின் மிளகாய் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து நாட்டின் முழு நீளமும் வடக்கே ஏறி, பண்ணைப் பாலம் கடந்து என் தராசுக்கு வந்தது. அது வியாபாரம். ஊர்காவற்றுறையில் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர், வள்ளத்தில் நேரே போய் எட்டுச் சேலையும் கொஞ்சம் அலுமினியச் சட்டியும் கொண்டுவந்தார். அது கள்ளக்கடத்தல். வள்ளத்தைப் பறித்தார்கள், அவரைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள். எட்டுச் சேலையால் நாட்டின் மானம் போய்விடுமாம். எண்ண முடியாத மூட்டைகளால் ஒன்றும் போகாதாம்.

முதல் நாள் நான் ஒரு பிடி மிளகாயை வீட்டுக்குக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தேன். ஒன்றை முறித்து, விதையை நாக்கில் வைத்தார்.

“உறைப்பே இல்லை. உந்தச் சருகை ஆர் வேண்டுவினம்?”

“எல்லாரும் வேண்டுகினம். மத்தியானத்துக்குள்ளை ரெண்டு மூட்டை முடிஞ்சுது.”

“ஒருக்கா வேண்டுவினம். அடுத்த முறை எங்கடையைத் தேடி வருவினம், இருந்து பாரும்.”

இவர் இருந்து பார்த்தார். சனமும் சமாளிக்கப் பழகிக்கொண்டது. தூள் இடிக்கும்போது நிறத்துக்கு அது இரண்டு பங்கு, உறைப்புக்கு எங்களது ஒரு பங்கு என்று கலந்தார்கள். அந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தை நடத்த முடியாது. மாரி வந்தால் விலை ஏறும், அதுவரை விற்பதில்லை என்று இவர் பிடிவாதமாக இருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வது. மழை தொடங்கினால் செத்தலுக்குத் தட்டுப்பாடு வரும், அப்போது கையில் வைத்திருப்பவன் ராசா. அந்த வருடம் மாரி வந்தது, விலை வரவில்லை, லொறி மட்டும் வந்தது. வீட்டு மூலையில் அடுக்கின மிளகாய் ஈரம் பிடித்துக் கறுத்தது. வந்த விலைக்குக் கொடுத்தோம்.

கார்த்திகையில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தமிழர்தான். நாலு பக்கமும் கமக்காரர்கள், முன் வரிசைக் கதிரைகளில் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையாரும் வாத்திமாரும். சங்கக்கடை ஆள் என்ற முறையில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

அதிகாரி நல்ல மாதிரித்தான் பேசினார். “இந்தியா பெரிய நாடு. நாங்கள் பக்கத்திலை இருக்கிற சின்ன நாடு. அவையோடை முறுகிக்கொண்டு இருக்கேலாது. அவையின்ரை சாமானை நாங்கள் வேண்டத்தான் வேணும்” என்றார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்ப அவை எங்களிட்டை என்னத்தை வேண்டுகினம்?”

“அது வேறை பகுதி பாக்கிற விஷயம்.”

“எங்கடை செத்தலை அங்கை கொண்டுபோய் விக்கலாமோ?”

“ஏலாது. அவை விடமாட்டினம்.”

“ஏன் விடமாட்டினம்?”

அதிகாரி கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “அவைக்குத் தங்கடை கமக்காரரைப் பாக்க வேணும்தானே.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் சிரிக்கவில்லை. எழும்பி நின்று, ஊர்காவற்றுறை அண்ணையின் எட்டுச் சேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் கொண்டுவந்தால் களவு, நீங்கள் கொண்டுவந்தால் வியாபாரம், இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள் என்றேன். பேசி முடிவெடுத்தபோது இந்தத் தீவுகளில் ஒரு ஆளையாவது கேட்டீர்களா என்றும் கேட்டேன்.

“அம்மா, அது ரெண்டு அரசாங்கம் பேசுற விஷயம். இருங்கோ” என்று கதிரையைக் காட்டினார்.

இருந்தேன். இருந்திருக்கக்கூடாது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நின்றிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஆனாலும் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது என்றாவது இருந்திருக்கும்.

கடைசியாக அவர் வழி ஒன்று சொன்னார். “நீங்கள் போட்டி போட வேணும். விளைச்சலைக் கூட்டுங்கோ. ரெண்டு மடங்கு விளைஞ்சால் விலை குறைஞ்சாலும் தாக்குப்பிடிக்கலாம்.” வாத்திமார் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார்.

“அந்தாள் சொல்லுறதிலையும் ஒரு நியாயம் கிடக்கு” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் பதில் சொல்லவில்லை. அது நான் செய்த முதல் பிழை.

இனி எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலணையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் எல்லா இடத்திலும் வராது. நாலு பக்கமும் கடல். மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீருக்கு மேலே பாலில் ஆடை படிந்த மாதிரி மெல்லிதாக நிற்கும். பதமாக எடுத்தால் வருடம் முழுக்க நல்ல தண்ணீர். அவசரப்பட்டு எடுத்தால் அடியில் கிடப்பது மேலே வந்துவிடும், பிறகு அதைக் கீழே அனுப்ப ஒருவராலும் ஏலாது.

கிணறு எங்கள் காணிக்குள்தான் இருந்தது. ஆனால் ஒழுங்கையில் பதினொரு வீடுகள் அதில் குடித்தன. அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. வெயில் ஏறும்வரை தோட்டத்துக்கு இறைக்கலாம். பிறகு நிற்பாட்ட வேண்டும். மத்தியானம் கிணறு ஊற வேண்டும். பின்னேரம் பெண்கள் குடத்தோடு வந்து குடிக்க மட்டும் அள்ளுவார்கள். துலா மிதித்து இறைத்த காலத்தில் வந்த வழக்கம், பம்ப் வந்த பிறகும் மாறவில்லை. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. மீறினவனை ஒருவரும் அடிக்கப் போவதில்லை. அவன் வீட்டுக் கலியாணப் பந்தியில் கை நனைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தை மாதம் இவர் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த தரவையைக் குத்தகைக்கு எடுத்துக் கொத்தினார். முந்தின வருடத்தை விட இரண்டு மடங்கு கன்று நட்டார். மாசி முடிய மழையின் ஈரம் போய்விட்டது. காலை இறைப்புப் புதிய பாத்திகளுக்குப் போய்ச் சேரவில்லை. பங்குனியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கடையிலிருந்து வந்தபோது பம்ப் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

“என்ன செய்யிறியள்? கிணறு ஊற வேண்டாமோ?”

“இந்த ஒரு வருஷம்தான். கொஞ்சம் தலையெடுத்திட்டால் பிறகு பழையபடி.”

ஒழுங்கையில் ஒருவரும் வந்து கேட்கவில்லை. இவரிடம் அவர்களுக்கு மதிப்பு இருந்தது. அதோடு அந்த மண்டபத்தில் அவர்களும் இருந்தார்கள், அதிகாரி சொன்னதை அவர்களும் கேட்டார்கள். நான் என்ன செய்தேன் என்றால், கடையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் என் கையால் அந்த விலைப் பலகையை மாட்டிவிட்டு வருகிறவள் நான். தோட்டம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரை கழிந்து ஒரு பின்னேரம், இவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்.

“சீனி போட்டனீரோ, இல்லாட்டி உப்புப் போட்டனீரோ?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

“சீனிதான் போட்டனான்.”

இரண்டாம் வாய் குடிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாளியில் அள்ளிக் கையில் ஏந்திக் குடித்தார், எனக்கும் தந்தார். கடல் தண்ணீர் மாதிரி இல்லை. மெல்லிசாக, நாக்கின் ஓரத்தில் ஒரு உப்புச் சவர். வாய்க்கால் கரையைப் பார்த்தோம். காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. புதுப் பாத்திகளில் இலையின் விளிம்பு கருகத் தொடங்கியிருந்தது. நோய் என்று நினைத்து அதற்கு நாங்கள் ஒரு கிழமையாக மருந்தடித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு அக்கா குடத்தோடு வந்தார். இவர் விலகி நின்றார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், நானும் விலகித்தான் நின்றேன். அவர் வழக்கம்போல அள்ளிக் குடத்தைக் கழுவி, நிரப்பினார். கழுவின கையை வாயில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இன்னொரு தரம் அள்ளிக் குடித்துப் பார்த்தார். குடத்தை வாழையடியில் சரித்து ஊற்றினார். எங்களை ஏசவில்லை. வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையார் கோயில் கிணற்றுப் பக்கம் நடந்தார். அரைக் கட்டை தூரம், அரை மைல். இருட்டுவதற்குள் பதினொரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

இவர் அன்றைக்கே பம்பை நிற்பாட்டினார். கிணறு ஒரு மாதம் தொடாமல் கிடந்தது. அடுத்த மாரியும் பெய்தது. நல்ல மழை, ஒழுங்கையில் முழங்கால் அளவு நின்றது. மழை விட்டதும் எல்லாரும் ஒவ்வொருவராய் வந்து ருசி பார்த்தார்கள், ஆசையோடுதான் வந்தார்கள். கொஞ்சம் தேறியிருந்தது. தையில் மறுபடியும் சவர் ஏறியது. அந்தத் தண்ணீரில் உடுப்புத் தோய்க்கலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம். மிளகாய்க் கன்று நிற்காது, மனுசர் குடிக்க ஏலாது.

எங்கள் தோட்டம் அதோடு முடிந்தது. தோட்டம் போனதை நான் தாங்கிக்கொண்டேன். தண்ணீருக்காக அந்தப் பதினொரு வீட்டுப் பெண்களும் என் வாசலைத் தாண்டி நடந்ததைத் தாங்க முடியவில்லை. அவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தாள். கடைக்கு வந்தால் முன்போலவே கதைப்பார்கள், சிரிப்பார்கள். அடுத்த ஆனியில் எங்கள் மூத்தவளுக்குக் கலியாணம் நடந்தது. எல்லாரும் வந்தார்கள். மணவறைக்குக் கிட்ட நின்று அறுகரிசி போட்டார்கள். பந்தியில் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். சேதப்பட்ட கிணறுகளைப் பதிகிறார்களாம். இரண்டு போத்தலில் தண்ணீர் பிடித்தார். அடுப்படிக் குசினிக்குப் பக்கத்தில் மேசையும், அவருக்கும் இவருக்கும் கதிரையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு படிவத்தை எடுத்துக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். ஆழம், விட்டம், எத்தனை வீட்டுச் சனம். ‘காரணம்’ என்ற இடம் வந்தது. எங்களைக் கேட்காமலே எழுதினார்.

“என்ன எழுதினனீங்கள், தம்பி?” என்று கேட்டேன்.

“உரிமையாளர் அளவுக்கு மிஞ்சி இறைச்சது எண்டு.”

“அது உண்மை. இல்லையெண்டு சொல்லேல்லை. ஏன் மிஞ்சி இறைச்சவர் எண்டதையும் எழுதும். வெளியிலையிருந்து மிளகாய் வந்ததையும், விளைச்சலைக் கூட்டச் சொல்லி உங்கடை ஆக்கள் வந்து சொன்னதையும் எழுதும்.”

பெடியன் நல்லவன். படிவத்தை எனக்குத் திருப்பிக் காட்டினான். “அம்மா, அதுக்கு இதிலை இடம் இல்லை. ஒரு வரிதான் கிடக்கு” என்றான்.

பிறகு அதை இவரிடம் நீட்டினான், உரிமையாளர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று. இரண்டு நாடுகள் பேசின, கப்பல் வந்தது, லொறி வந்தது, விலை எழுதின கடுதாசி வந்தது. அந்த வியாபாரம் முழுவதிலும் வேலணைக் கமக்காரன் ஒருவனின் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்ட முதல் இடம் அதுதான். குற்றம் அவனுடையது என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே. அந்தப் படிவத்தைப் பறித்துக் கிழித்துப் போட்டிருப்பேன். அதற்குள் இவர் என் முகத்தைப் பார்க்காமல், பெடியனுடைய பேனையை வாங்கினார். கதிரையில் இருந்து எழும்பி, மேசைக்கு முன்னால் நின்றபடியே, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.